குளவிக்கு வைத்த மண்

எங்கள் தெருவில் ஈரமண் கிடையாது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நாங்கள் வீடு கட்டியிருக்கும் இடமே வயல்தான். முல்லையாற்றுத் தண்ணீர் பாய்ந்து இரண்டு போகம் நெல் விளைந்த பூமி. தேனியிலிருந்து பழனிசெட்டிபட்டி தாண்டும்போது பஸ்ஸின் இரண்டு பக்கமும் பச்சையாகத் தெரியுமே, அதில் ஒரு துண்டைத்தான் கல் ஊன்றி மனை போட்டு விற்றார்கள். இப்போது தெரு முழுக்க பேவர் பிளாக். வாசல் முழுக்க டைல்ஸ். வாய்க்காலுக்குக்கூட அடியிலும் பக்கத்திலும் காங்கிரீட் போட்டுவிட்டார்கள். மழை பெய்தால் கொக்குகள் பழைய ஞாபகத்தில் தெருவில் வந்து இறங்கும். சிமெண்டைக் கொஞ்ச நேரம் கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

தெருக் கோடியில் இன்னும் விற்காத மனை ஒன்று காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. கீரி, சாரைப் பாம்பு, செம்போத்து எல்லாம் அதில்தான் குடியிருக்கின்றன. மயில்கள் மட்டும் மேல்தட்டு. ஒவ்வொரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேலும் ஏறி நின்று, வீட்டுக்காரர்கள் மாதிரித் தெருவைப் பார்க்கும்.

நாங்கள் வாங்கிய மனையை என் கணவரும் அவர் தம்பியும் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு வீடு கட்டினார்கள். நடுவில் ஒரே சுவர். முன்பக்கம் இரண்டு வாசலுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர், அதில் ஆள் போய்வர ஒரு வழி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் ஓரகத்தி. அவள் தேவாரத்துப் பெண். எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து வந்தவள். எனக்கும் பிள்ளை இல்லை, அவளுக்கும் இல்லை. ஆனால் என்னைக் கேட்கிற தொனி வேறு, அவளைக் கேட்கிற தொனி வேறு. அவளைக் கேட்பவர்கள் சிரித்துக்கொண்டு கேட்பார்கள். என்னிடம் வரும்போது குரலைத் தாழ்த்துவார்கள்.

எனக்குப் பொறாமை உண்டு. அதை மூடி மறைக்க நான் என்ன திருடவா செய்தேன்? அவள் படுக்கையறைக்கு ஏசி வாங்கியபோது எனக்கு வயிறு எரிந்தது. வெள்ளை டைல்ஸில் ஒரு தூசு இல்லாமல் வீட்டை வைத்திருந்தபோதும் எரிந்தது. என் சமாதானமெல்லாம் ஒன்றுதான்: என்னிடம் செடி இருந்தது, அவளிடம் இல்லை. அஸ்திவாரம் தோண்டியபோது வந்த வயல் மண்ணைக் கொத்தனார்கள் அள்ளிக்கொண்டு போகுமுன் நான் மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டேன். அதைத் தொட்டிகளில் போட்டு கறிவேப்பிலை, கத்தரி, செம்பருத்தி, பிச்சி எல்லாம் வளர்த்தேன். தேன்சிட்டு என் செம்பருத்திக்குத்தான் வரும். அந்தப் பக்கம் உட்கார அதற்கு ஒரு காம்பு கிடையாது. அது வந்து போகும்போதெல்லாம் ஓரகத்தி பார்க்கிறாளா என்று நான் திரும்பிப் பார்ப்பேன்.

அந்த வருஷக் கோடையில் ஒரு குளவி வந்தது.

வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பேச்சு. படித்தவர்கள் சிரிப்பார்கள், ஆனால் கூட்டை உடைக்க மாட்டார்கள். பெயிண்ட் அடிக்க வருகிறவர்கள் சுவரில் கூடு இருந்தால் அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போவார்கள். நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கமிஷன் கடையில், முதலாளி அறை பிளக்கில் குளவி கட்டிவிட்டது என்று ஒரு மாதம் ஒயர் இழுத்து ஃபேன் ஓட்டினோம். முதலாளிக்கு அப்போது பேரனுக்கே கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

நானும் என் கணவரும் மதுரைக்குப் போய்ப் பார்க்காத டாக்டர் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை, பொறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். குறை இருக்கிறது என்று சொன்னால்கூட அழுது முடிக்கலாம். பொறு என்றால் எதைச் செய்துகொண்டு பொறுப்பது? குளவி வந்தபோது எனக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தது.

முதலில் அது கத்தரித் தொட்டிக்கு அடியில் தண்ணீர் கசிகிற இடத்தில் உட்கார்ந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கறுப்பு உடம்பு, இடுப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி நூலாக இருந்தது. கூடு கட்ட ஈரமண் தேடுகிறது என்று புரிந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்தத் தெருவில் அதற்கு வேறு எங்கே மண் கிடைக்கும்? உடைந்த சட்டியின் மூடியில் வயல் மண்ணைப் போட்டுக் குழைத்து, வாசலைப் பார்த்த அடுப்படி ஜன்னலில் வைத்தேன். கொசுவலையைக் கழற்றினேன். என் கணவர் கொசுக்கடியில் தொடையைத் தட்டிக்கொண்டே, "என்னத்துக்கு இப்ப வலையக் கழட்டுன?" என்றார். "காத்து வரட்டும்னுதான்" என்றேன்.

குளவி என் மூடிக்கு வர ஆரம்பித்தது. வந்து உட்காரும், ங்ஙொய் என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு மிளகு அளவுக்கு மண்ணை உருட்டும், எடுத்துக்கொண்டு பறக்கும். கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். வேலைக்குப் போகுமுன் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவேன், வந்ததும் செருப்பைக் கழற்றாமல் மூடியைத்தான் பார்ப்பேன். அதில் அதன் வாய் பட்ட குழிகள் இருக்கும். என் கத்தரிச் செடியில் இலையைச் சுருட்டிக்கொண்டு பச்சைப் புழு இருக்கும். அதையும் அது இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். குஞ்சுக்குச் சாப்பாடு. மருந்து அடிக்காமல் புழுவை விட்டு வைத்தேன். கத்தரிக்காய் போனால் போகட்டும்.

கூட்டைத்தான் காணோம். சாமி படங்களுக்குப் பின்னால் பார்த்தேன். பீரோவுக்குப் பின்னால், பிளக் ஓட்டைகளில், பரணில், கணவரின் ஹெல்மெட்டுக்குள்ளே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். எங்கேயோ மறைவாகக் கட்டுகிறது, நாமாகத் தேடித் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே சொல்லிக்கொண்டேன். என் மாமியார் எங்களோடு, கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். அவரிடம்கூடச் சொல்லவில்லை. கண் பட்டுவிடக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டில் ஓரகத்தி வீல் என்று கத்தினாள். பாம்பு என்று நினைத்து எல்லாரும் ஓடினோம். அவள் படுக்கையறை வாசலில் நின்று, கன்னத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். திறந்து கிடந்த கதவுக்கும் நிலைக்கும் நடுவில், கீலுக்கு மேலே, இரண்டு மண் உருண்டைகள். ஒன்று காய்ந்திருந்தது, ஒன்று இன்னும் ஈரம். அந்தக் கறுப்பு மண்ணை எனக்குத் தெரியாதா? என் கண் முன்னாலேயே அந்தக் குளவி ஏசி குழாய்க்காகச் சுவரில் போட்ட ஓட்டை வழியே உள்ளே வந்தது. வாயில் என் கத்தரிச் செடிப் புழு.

"ஆத்தாடி, ரெட்டைக் கூடுத்தா!" என்றார் மாமியார். கையெடுத்துக் கும்பிட்டார். "யாரும் வெளக்கமாறக் கொண்டுக்கிட்டு இங்கன வரக்கூடாது, சொல்லிப்புட்டேன்."

மண் என்னுடையது. புழு என்னுடையது. கூடு மட்டும் அவள் வீட்டில். ஒரு செடி இல்லை, ஒரு தொட்டி இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தியதில்லை. அவளுக்கு எப்படி? நான் வீட்டுக்கு வந்து மூடியை எடுத்து உள்ளே வைத்து ஜன்னலைச் சாத்தினேன். குளவி வந்தது. கண்ணாடியில் முட்டியது. மூடி இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே பயம் வந்துவிட்டது. குளவியோடு கோபித்துக்கொண்டு நான் எங்கே போவது? நாளைக்கு நம் வீட்டுக்கு வர நினைத்தால்கூட வராமல் போய்விடுமே. மூடியைத் திரும்ப வைத்தேன்.

அன்றைக்கே மாமியார் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். கூட்டுக்குக் காவலாம். வேலைக்காரம்மா தெரியாமல் தட்டிவிடலாம், காற்றில் கதவு அடித்துவிடலாம் என்று பல காரணம் சொன்னார். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நீளமாக இருந்தால் ஆண், உருண்டையாக இருந்தால் பெண் என்று மாமியார் விளக்கிக்கொண்டிருப்பது என் அடுப்படிக்குக் கேட்கும். பார்த்தவர்கள் திரும்பும்போது என் வாசலைக் கடந்துதான் போக வேண்டும். கடக்கும்போது பேச்சை நிறுத்திக்கொண்டு, "சாப்டியாத்தா?" என்பார்கள். நடு மத்தியானத்தில் கேட்டால் பரவாயில்லை. காலையில், சாயங்காலம், எப்போதும் அதே கேள்வி.

கொஞ்ச நாள் நான் அங்கே போகவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மாமியாருக்குப் பிடிக்குமே என்று பணியாரம் சுட்டதைக் கொண்டுபோனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வீட்டு நிலவரம் அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. கதவைச் சாத்தினால் கூடு நசுங்கிவிடும், அதனால் படுக்கையறைக் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது. கதவு திறந்து கிடப்பதால் ஏசி போட முடியாது. திரைச்சீலை மாட்டலாமே என்றால், சுவரில் துளை போட்டால் கூடு அதிரும் என்று மாமியார் விடவில்லை. அந்த வாசலுக்கு நேர் எதிரே மாமியாரின் கட்டில். கட்டிலில் உட்கார்ந்தால் கூடும் தெரியும், உள்ளே மகனும் மருமகளும் படுக்கிற மெத்தையும் தெரியும்.

பிள்ளை வருவதற்கு அடையாளமாக வந்த கூட்டுக்காகப் பிள்ளை வருவதற்கான வழியையே அடைத்து வைத்திருந்தார்கள். மாமியாருக்கு அது தோன்றவே இல்லை. மற்றதையெல்லாம் குளவி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார் போல.

வீட்டுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கணவரிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். பிறகு, "நீ வாயத் தொறந்துறாத. அவங்க பாடு" என்றார். நான் ஏன் திறக்கப்போகிறேன்? ரொம்ப நாளுக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூடு இருக்கும் வரைக்கும் அவளுக்கும் ஒன்றும் நடக்காது. காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே மூடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அப்புறம் ஒரு நாள் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது ஓரகத்தியும் மேலே வந்தாள். எங்கள் தொட்டி மேல் மயில் நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, காய்ந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? திட்டாதீக."

"சொல்லு."

"கதவ அடைக்க முடியலக்கா. அத்தை எதுக்காலயே படுத்திருக்காக. நாங்க திரும்பிப் படுத்தாக்கூட, என்னத்தா, குளவியான்னு எந்திரிச்சு வந்துர்றாக." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "இப்பிடி இருந்தா எப்பிடிக்கா? யாருகிட்டப் போயிச் சொல்றது?"

நான் துணிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்திருந்தேன்.

"எனக்கு இது வேணும்க்கா" என்றாள். "அது உங்க ஜன்னலுக்கு வந்து வந்து போறத நான் தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எம்புட்டுப் பொறாமையா இருந்துச்சு தெரியுமா? ஏசிக்காரரு ஓட்டைய அடைக்க வந்தாரு. வேணாம், அப்புறம் வாங்கன்னு அனுப்பிச்சுட்டேன். அது வழியாவாச்சும் வரட்டும்னு."

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. திருடி! நான் கொசுக்கடி பட்டு மண் குழைத்து வைத்தால், இவள் ஓட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். துணியை அள்ளிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அந்தக் கோபத்தோடுதான் சட்னிக்குத் தேங்காய் துருவினேன். துருவிக்கொண்டே இருக்கும்போது ஒன்று புரிந்தது. அந்தக் கூடு பொய்த்துப்போனால், பொய்த்தது அவளுக்கு மட்டும் இல்லை. குளவி கட்டியும் அந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால், நான் எதற்கு மண் குழைக்க வேண்டும்? என்னிடம் இருப்பது அந்த மூடி ஒன்றுதான். அதற்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் அவளுக்கு நடந்தாக வேண்டும். இதை அன்பு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

என் கணவர் ஏலக்காய் எடுக்க வாரத்தில் பாதி நாள் மலைக்குப் போய்விடுவார். மாமியாரிடம் போய் நின்றேன். "அத்தை, அவுக மலைக்குப் போயிட்டாக. நேத்து வாசல்ல சாரைப் பாம்பு. எனக்குத் தனியாப் படுக்கப் பயமா இருக்கு. ராத்திரிக்கு மட்டும் இங்கிட்டு வந்துருங்க."

"கூட்ட யாரு பாக்குறதாம்?"

"ராத்திரில வேலைக்காரம்மா எங்க வருது? விடிஞ்சதும் நானே கொண்டாந்து விட்டுர்றேன்."

சாரைப் பாம்பு வந்தது நிஜம்தான். அதற்கு நான் பயப்படுகிறவள் இல்லை என்பது மாமியாருக்கும் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு கணவர் மலையிலிருந்து வந்த நாட்களிலும் மாமியார் ராத்திரிக்கு அந்தப் பக்கம் போகவில்லை, பழையபடி எங்கள் கூடத்திலேயே படுத்தார். நானும் போகச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

உருண்டைகளில் ஓட்டை விழுந்து குஞ்சுகள் பறந்து போயின. கூடு காலி என்று தெரிந்தும் உடைக்க மாமியார் விடவில்லை. சாரல் தொடங்கிய சமயத்தில் ஓரகத்தி வாந்தி எடுத்தாள். மாமியார் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். குளவி வாக்கு தப்புமா என்று வாசலுக்கு வாசல் நின்று சொன்னார். அது எந்த வீட்டு மண் என்று ஒருத்தர் கேட்கவில்லை. எனக்கும் ஒரு பிடி சர்க்கரை வந்தது. வாயில் போட்டேன். இனித்துத் தொலைத்தது.

இதெல்லாம் பழைய கதை இல்லை. பையன் இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறான். நடக்கத் தெரிந்ததும் நடுச்சுவர் வழியாக முதலில் வந்தது என் வீட்டுக்கு. செடிகளையெல்லாம் விட்டுவிட்டு நேரே அடுப்படி ஜன்னலுக்குக் கீழே போவான். அவனுக்கு எட்டட்டும் என்று மூடியை ஜன்னலிலிருந்து இறக்கி வாசலின் கீழ்ப்படியில் வைத்திருக்கிறேன். குளவி வருகிறதோ இல்லையோ, அவன் வருகிறான். இரண்டு கையாலும் மண்ணைப் பிசைவான். மூஞ்சியெல்லாம் அப்பிக்கொள்வான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிசைவேன்.

நேற்று வாயில் போட்டுவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓரகத்தி எட்டிப் பார்த்து, "அக்கா, மண்ணத் திங்கிறான் பாருங்க!" என்று கத்தினாள். விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். பல் முளைத்துவிட்டது, நறுக்கென்று கடித்தான். வலித்தது. மடியில் போட்டு முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்தேன். அப்படியே என் தோளில் சாய்ந்துகொண்டான். கனமாக இருந்தான். உள்ளே சோறு கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்தது, எழுந்து போக எனக்கு மனசு வரவில்லை.

"வாடா தங்கம், இருட்டப்போகுது" என்று அவள் கூப்பிட்டாள்.

சடாரென்று இறங்கினான். நேரே மூடிக்குப் போய் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், நடுச்சுவர் வழியாக அந்த வீட்டுக்குப் போனான்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. எழுந்துபோய் மூடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.